தளபதியின் பொறுப்பைத் தேடிப் படிக்க: ஹேக் தீர்ப்பாய ஆவணத் தளம் – பயன்படுத்துவோர் பார்வையில் ஒரு மதிப்புரை

படையினர் செய்த கொலைக்கும் கொள்ளைக்கும் அவர்களுடைய தளபதி எப்போது குற்றவாளி ஆவார்? இதற்குச் சுருக்கக் கட்டுரைகளில் விடை தேடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு தவறான முடிவுகளில் ஒன்றுக்கு வந்து சேர்கிறார்கள். "மேலே இருப்பவர் எல்லாவற்றுக்கும் பொறுப்பு" என்பது ஒன்று. "அவரே உத்தரவு போட்டதாகக் காட்டினால்தான் பொறுப்பு" என்பது இன்னொன்று. இரண்டும் சட்டம் அல்ல. சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் வழக்கு ஆவணங்களையே திறந்து படிக்க வேண்டும். யூகோஸ்லாவியா, ருவாண்டா தீர்ப்பாயங்கள் மூடப்பட்ட பிறகு அவற்றின் மீதிப் பணிகளைப் பார்க்கும் ஐ.நா. அமைப்பு, அந்த ஆவணங்களை ஒரே தேடுதளத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. கட்டளைப் பொறுப்பைப் படிக்க இதைவிடப் பயனுள்ள பொதுச் சேவை இல்லை. வழக்கு எண் கையில் இல்லாமல் உள்ளே போனால் மட்டும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும்.

ஹேக் நகரில் இருந்த யூகோஸ்லாவியத் தீர்ப்பாயம் 1993 மே 25 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையின் 827ஆம் தீர்மானத்தால் அமைக்கப்பட்டு 2017 டிசம்பர் 31 வரை இயங்கியது. 161 பேர் மீது குற்றம் சாட்டியது. குற்றப்பத்திரிகைகள், மனுக்கள், இடைக்கால ஆணைகள், தீர்ப்புகள், விசாரணையில் பேசப்பட்ட ஒவ்வொரு வார்த்தையின் எழுத்துப்பதிவு, சான்றாவணங்கள், ஒலி ஒளிப் பதிவுகள் என்று அதன் பொது ஆவணங்கள் தளத்தில் கிடக்கின்றன. தீர்ப்பு வேறு இடங்களிலும் கிடைக்கும். இந்தத் தளத்தின் மதிப்பு எழுத்துப்பதிவிலும் சான்றாவணத்திலும்தான் இருக்கிறது. தளபதி வழக்கு ஒன்றின் உயிர் அங்கேதான். எந்த அறிக்கை எத்தனை மணிக்கு யார் மேசைக்குப் போனது, அதைப் படித்தவர் என்ன செய்தார் என்பது தீர்ப்பில் ஒரு வரியாக வரும். அந்த வரி எதன் மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும்.

தளம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொள்வது நல்லது. ஜெனரல் பாவ்லே ஸ்ட்ருகார் வழக்கு அதற்குப் பொருத்தம். குற்றம் ஒரே நாளில் நடந்தது, இடம் ஒன்று, படைச் சங்கிலி குட்டையானது. 1991 டிசம்பர் 6 அன்று யூகோஸ்லாவிய மக்கள் இராணுவம் குரோஷியாவின் டுப்ரோவ்னிக் நகருக்கு மேலே உள்ள ஸ்ர்ட்ஜ் குன்றைத் தாக்கியது. அந்தத் தாக்குதலின்போது கீழே இருந்த பழைய நகரத்தின் மீதும் குண்டுகள் விழுந்தன. 1979 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் நகரம் அது. இரண்டு பேர் உயிரிழந்தார்கள். குற்றப்பத்திரிகை இணைப்பு பட்டியலிட்ட 116 கட்டடங்களில் 52 அழிந்தன அல்லது சேதமடைந்தன என்று தீர்ப்பாயம் கண்டது. களத்தில் தாக்கிய படைப்பிரிவின் தலைவர் கேப்டன் விளாடிமிர் கோவாச்செவிச். அவருக்கு மேலே ஒன்பதாம் கடற்படைப் பிரிவின் தளபதி அட்மிரல் மியோட்ராக் யோகிச். யோகிச்சுக்கு மேலே, இரண்டாம் செயற்படைக் குழுவின் தளபதி ஸ்ட்ருகார்.

தேடும் முறை இதுதான். முதலில் பழைய யூகோஸ்லாவியத் தீர்ப்பாய இணையதளத்துக்குப் போய் வழக்கின் தகவல் தாளை எடுங்கள். சில பக்கங்கள்தான். வழக்கு எண், தேதிகள், எந்தக் குற்றச்சாட்டு நின்றது, எது விழுந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஸ்ட்ருகாருக்கு எண் ஐடி-01-42 (IT-01-42). அடுத்து 2005 ஜனவரி 31 தேதியிட்ட விசாரணைத் தீர்ப்பைத் திறந்து, மேலதிகாரிப் பொறுப்பு பற்றிய பகுதியை மட்டும் படியுங்கள். அடிக்குறிப்புகளில் இரண்டு வகை எண்கள் வரும். ஒன்று எழுத்துப்பதிவின் பக்க எண். வழக்கு தொடங்கிய நாள் முதல் முடியும் வரை ஒரே தொடராக ஓடுவது அது. மற்றது சான்றாவண எண். 'பி' (P) என்று தொடங்கினால் அரசுத் தரப்பு தந்தது, 'டி' (D) என்று தொடங்கினால் எதிர்த்தரப்பு தந்தது. இந்த எண்களைத் தாளில் எழுதிக்கொண்ட பிறகுதான் தேடுதளத்துக்குள் போக வேண்டும். வழக்கு எண்ணையும் ஆவண வகையையும் வடிகட்டியில் வைத்துவிட்டுத் தேதியைக் கொடுங்கள். 'கட்டளைப் பொறுப்பு' என்று பொதுச் சொல்லைப் போட்டுத் தேடினால், எல்லா வழக்குகளிலிருந்தும் நடைமுறை மனுக்களாக வந்து குவியும். அதில் முத்தெடுக்க முடியாது.

வழக்கு எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்துகளைக் கவனியுங்கள். 'பிடி' (PT) என்றால் விசாரணைக்கு முந்தைய கட்டம், 'டி' (T) விசாரணை, 'ஏ' (A) மேல்முறையீடு. 'ஏஆர்72' (AR72) அதிகார வரம்பு குறித்த இடைக்கால மேல்முறையீடு, 'ஏஆர்73' மற்ற இடைக்கால மேல்முறையீடுகள். சாய்கோட்டுக்குப் பின் 1 என்று வந்தால் அந்த வழக்கிலிருந்து பிரித்த தனி வழக்கு: குற்றத்தை ஒப்புக்கொண்ட யோகிச்சின் வழக்கு ஐடி-01-42/1. அவர் பின்னர் ஸ்ட்ருகார் வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சியாக வந்தார். கட்டளைச் சங்கிலியில் நடு வளையமாக இருந்தவர் மேல் வளையத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் சாட்சியம் அரிது. யோகிச்சின் சாட்சியத்தையும் குறுக்கு விசாரணையையும் எழுத்துப்பதிவில் முழுமையாகப் படிக்கலாம். அந்த ஒரு வசதிக்காகவே இந்தத் தளத்தைப் பரிந்துரைக்கலாம்.

இப்படி இறங்கினால் என்ன கிடைக்கும்? தளபதியின் குற்றத்துக்கு மூன்று கூறுகள் என்று 1998 நவம்பர் 16 அன்று வந்த, போஸ்னியாவின் செலெபிச்சி சிறை முகாம் பற்றிய தீர்ப்பு 346ஆம் பத்தியில் வகுத்தது. மேலதிகாரி – கீழுள்ளவர் உறவு இருக்க வேண்டும். குற்றம் நடக்கப்போகிறது அல்லது நடந்துவிட்டது என்று மேலதிகாரி அறிந்திருக்க வேண்டும், அல்லது அறிவதற்கான காரணம் அவரிடம் இருந்திருக்க வேண்டும். தடுக்கவோ தண்டிக்கவோ தேவையான, நியாயமான நடவடிக்கைகளை அவர் எடுக்காமல் விட்டிருக்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் இது மூன்று வரி. ஸ்ட்ருகார் ஆவணங்களில் இதுவே ஒரு நாளின் மணிக்கணக்காக விரிகிறது. விடியலில் தாக்குதல். காலை 7 மணியளவிலேயே பழைய நகரம் தாக்கப்படுவது குறித்த எதிர்ப்பு மேல்மட்டத்துக்கு எட்டுகிறது. அந்த நேரத்திலிருந்து ஸ்ட்ருகாருக்கு எச்சரிக்கை இருந்தது என்று விசாரணை அமர்வு முடிவு செய்தது. பிறகு நடந்த உள்விசாரணை ஒப்புக்குத்தான் நடந்தது. அதை யோகிச்சிடமே விட்டுவிட்டு ஸ்ட்ருகார் ஒதுங்கிக்கொண்டார். யார் மீதும் நடவடிக்கை இல்லை. அவருக்கு 8 ஆண்டு தண்டனை கிடைத்தது.

ஆனால் 2008 ஜூலை 17 மேல்முறையீட்டுத் தீர்ப்பைத் திறக்காமல் இங்கேயே நிறுத்திவிட்டால் வழக்கின் மிக முக்கியமான புள்ளி கைநழுவிப் போகும். படையினர் இதற்கு முன்பும் பழைய நகரத்தின் மீது சுட்டிருந்தார்கள் என்பதை அறிந்திருந்த தளபதிக்குத் தாக்குதல் தொடங்குவதற்கு முன்பே தடுக்கும் கடமை எழுந்ததா? விசாரணை அமர்வு அந்த நேரத்தில் இருந்த ஆபத்து போதாது என்றது. அந்த அளவுகோலே தவறு, மேலும் விசாரிக்கத் தூண்டும் அளவுக்குக் கவலை தரும் தகவல் இருந்தாலே போதும் என்று மேல்முறையீட்டு அமர்வு திருத்தியது. ஆகவே தாக்குதலுக்கு முன்பே தடுக்கத் தவறியதும் அவர் மீது நின்றது. உடல்நலம் கருதித் தண்டனை ஏழரை ஆண்டாகக் குறைந்தது. சட்டம் கடுமையானது, தண்டனை குறைந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்காதவர்கள் இந்தத் தீர்ப்பைத் தலைகீழாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் தீர்ப்போடு நிற்கக் கூடாது என்பதற்கு போஸ்னியக் குரோஷியத் தளபதி பிளாஷ்கிச்சின் வழக்கு இன்னும் வலுவான சான்று. 2000 மார்ச் 3 அன்று 45 ஆண்டு விதிக்கப்பட்டது. 2004 ஜூலை 29 அன்று மேல்முறையீட்டில் அது 9 ஆண்டானது. இடையில் புதிய சான்றாவணங்கள் வந்து சேர்ந்தன. அதே பெயரில் தேடும்போது பழைய தீர்ப்பும் புதிய தீர்ப்பும் அருகருகே வரும். எது எதை ரத்து செய்தது என்று தேடல் முடிவுப் பட்டியல் சொல்லாது. இது தளத்தின் உண்மையான குறை. ஒரு தீர்ப்பின் எந்தப் பத்திகள் பின்னர் மாற்றப்பட்டன என்று காட்டும் குறிப்பு இருந்தால் எத்தனையோ தவறான மேற்கோள்கள் குறையும்.

பெயர்களில் இன்னொரு சிக்கல். செலெபிச்சி வழக்கு தீர்ப்பின் தலைப்பில் குற்றம் சாட்டப்பட்ட டெலாலிச் பெயரில் இருக்கும், இணையதளத்தில் அவரோடு குற்றம் சாட்டப்பட்ட முசிச் பெயரில் இருக்கும், சட்டக் கட்டுரைகளில் முகாமின் பெயரில் இருக்கும். மூன்றும் ஐடி-96-21 தான். பால்கன் எழுத்துகளுக்கு மேலே வரும் குறிகளோடு ஒருமுறை, குறிகள் இல்லாமல் ஒருமுறை என்று தேடிப் பார்ப்பது நல்லது. எண்ணைப் போட்டுத் தேடுவதே எல்லாவற்றிலும் பாதுகாப்பானது.

பழைய மனுக்களில் பல, ஸ்கேன் செய்த படங்கள். உள்ளே சொல் தேடினால் அகப்படாது, கண்ணால்தான் புரட்ட வேண்டும். பதிவகம் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் முத்திரையிடும் எண்கள் இறங்குவரிசையில் ஓடும். முதல் பக்கத்தில் பெரிய எண், கடைசிப் பக்கத்தில் சிறிய எண். முதன்முறை பார்ப்பவர்கள் பக்கங்கள் தலைகீழாக ஏறிவிட்டன என்று நினைத்துக் கோப்பையே மூடிவிடுகிறார்கள். ஆவணத்தின் உள்பக்க எண்ணையும் பதிவக எண்ணையும் கலந்து மேற்கோள் காட்டுவதும் அடிக்கடி நடக்கும் பிழை. எழுத்துப்பதிவில் மூடிய அமர்வு நடந்த இடத்தில் பக்கங்கள் வெறுமையாக இருக்கும், அல்லது அங்கே உரை நீக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டும் இருக்கும். அது தளத்தின் கோளாறு அல்ல, சாட்சியின் உயிருக்கான பாதுகாப்பு. எழுத்தாலோ எண்ணாலோ குறிக்கப்பட்ட சாட்சி யார் என்று துப்புத்துலக்கி வெளியிடாதீர்கள். அப்படி வெளியிட்ட பத்திரிகையாளர்கள் மீது இதே தீர்ப்பாயம் அவமதிப்பு வழக்கு நடத்தித் தண்டனை விதித்திருக்கிறது. அதைவிட முக்கியம், சாட்சி சொன்னவர் பெரும்பாலும் குற்றவாளிகளின் உறவினர்கள் வாழும் ஊரிலேயே இன்றும் வாழ்கிறார்.

விடுதலையில் முடிந்த வழக்குகளைத் தவறாமல் படியுங்கள். கட்டளைப் பொறுப்பில் எது அறுந்துபோகிறது என்பதை அவைதான் கற்பிக்கின்றன. போஸ்னிய இராணுவத்தின் ஹலிலோவிச் வழக்கில் (ஐடி-01-48) 1993 செப்டம்பரில் கிராபோவிட்சா, உஸ்டோல் கிராமங்களில் நடந்த கொலைகள் மறுக்கப்படவில்லை. கொன்றவர்கள் மீது அவருக்குச் செயலளவில் கட்டுப்பாடு இருந்தது என்பது நிரூபணமாகவில்லை. போஸ்னிய முஸ்லிம் தளபதி ஒரிச்சின் வழக்கில் (ஐடி-03-68) விசாரணை அமர்வு 2 ஆண்டு விதித்தது. அவருக்குக் கீழே இருந்தவர் தாமே குற்றம் இழைத்தாரா, அதை ஒரிச் அறியக் காரணம் இருந்ததா என்ற கண்டடைவுகளே அந்தத் தீர்ப்பில் இல்லை என்று மேல்முறையீட்டு அமர்வு 2008 ஜூலை 3 அன்று விடுவித்தது. ஆவணப்படுத்தும் வேலையில் இருப்பவர்களுக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தை மட்டும் எத்தனை நூறு சேர்த்தாலும் தளபதி வரை வழக்கு ஏறாது. எந்தச் சீருடை, எந்தப் பிரிவு, அன்று அந்தப் பிரிவு யாருக்குக் கீழே இருந்தது, அன்றாட அறிக்கை யாருக்குப் போனது, ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்ற ஐந்தும் தேதியோடு வேண்டும்.

தேதி என்பது இங்கே சிறிய விஷயமே அல்ல. போஸ்னிய இராணுவ அதிகாரிகள் ஹஜிஹசனோவிச் – குபுரா வழக்கின் ஏஆர்72 ஆணை, 2003 ஜூலை 16 தேதியிட்டது. குபுரா 1993 ஏப்ரல் 1 முதல் படையணித் தளபதி. ஜனவரியில் நடந்த குற்றங்களுக்கும் அவர் மீது வழக்கு இருந்தது. பதவி ஏற்பதற்கு முன் கீழுள்ளவர்கள் செய்த குற்றத்தைத் தண்டிக்காமல் விட்டதற்காகப் புதிய தளபதி பொறுப்பாக மாட்டார் என்று ஐந்து நீதிபதிகளில் மூவர் சொன்னார்கள். மாறுபட்ட இருவரின் கருத்துகளையும் சேர்த்து இறக்கிக்கொள்ளுங்கள். வாதம் அங்கேதான் கூர்மையாக இருக்கிறது. கொலை நடந்த வாரத்தில் தளபதியை மாற்றிவிட்டால் இருவருமே தப்பலாம் என்ற ஓட்டை, பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்று பார்க்கும்போது மனதை அறுக்கிறது. பெரும்பான்மைத் தீர்ப்பு இந்த இடத்தில் தவறு என்பதே நம் கருத்து.

சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் ஆவணப் பகுதி தனிச் சேவை. தேட எளிது, தோற்றமும் தெளிவு. ஆனால் தளபதி வழக்குகள் குறைவு. காங்கோ படைத்தலைவர் பெம்பாவின் வழக்கு ஒன்றைப் படித்தாலே தளத்தின் இயல்பு பிடிபடும். ஆவண எண் ஐசிசி-01/05-01/08-3636-ரெட் (ICC-01/05-01/08-3636-Red) என்று இருக்கும். நடுவில் உள்ள 01/05 அந்த நாட்டுச் சூழலைக் குறிக்கும், 01/08 வழக்கைக் குறிக்கும், 3636 ஆவணத்தின் வரிசை எண், கடைசியில் உள்ள 'ரெட்' மறைக்கவேண்டியதை மறைத்து வெளியிட்ட பொதுப் பிரதி. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் 2002 அக்டோபர் முதல் 2003 மார்ச் வரை பெம்பாவின் படையினர் செய்த கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை ஆகியவற்றுக்கு 2016 மார்ச் 21 அன்று அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாகி 18 ஆண்டு விதிக்கப்பட்டது. 2018 ஜூன் 8 அன்று மேல்முறையீட்டில் 3–2 என்ற கணக்கில் விடுதலை. வேறு நாட்டில் இருந்த படையை விசாரிப்பதில் தொலைவில் இருந்த தளபதிக்கு என்ன தடைகள் இருந்தன என்பதை விசாரணை அமர்வு சரியாக எடைபோடவில்லை என்பது ஒரு காரணம். மாறுபட்ட இரு நீதிபதிகளின் கருத்து தீர்ப்புக் கோப்பில் இல்லை, தனி இணைப்பாக இருக்கிறது. தீர்ப்பை இறக்கியவர்களில் பலர் இணைப்பைத் தவறவிடுகிறார்கள். 5,000க்கு மேற்பட்ட பாதிக்கப்பட்டோர் பங்கேற்ற வழக்கு இது. மறுதரப்பை வாசிக்காமல் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் வழக்காற்று (நாடுகளின் வழக்கத்தால் உருவான) மனிதாபிமானச் சட்டத் தளம் மூன்றாவது. 161 விதிகளில் 153ஆம் விதி தளபதியின் பொறுப்பு, 152ஆம் விதி உத்தரவிட்டவரின் பொறுப்பு. இரண்டையும் குழப்பாதீர்கள். விதிக்குக் கீழே நாடு நாடாக இராணுவக் கையேடுகளும் சட்டங்களும் தொகுக்கப்பட்டுள்ளன. ஒப்பிட மிக வசதி. ஆனால் அங்கே இருப்பதாலேயே அது உங்கள் நாட்டு நீதிமன்றத்தில் செல்லும் என்று பொருளில்லை. தளபதியின் பொறுப்பை 86, 87ஆம் பிரிவுகளில் எழுதிய, ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977 முதலாம் கூடுதல் நெறிமுறையில் இந்தியாவும் இலங்கையும் சேரவில்லை. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சட்டத்திலும் இரண்டு நாடுகளும் இல்லை.

இரண்டாம் உலகப் போரின் ஜப்பானிய ஜெனரல் யமஷிதாவின் வழக்கைத் தேடி இந்தத் தளங்களில் ஒன்றான ஹேக் ஆவணத் தளத்துக்குள் வருபவர்கள் ஏமாறுவார்கள். 1945இல் மணிலாவில் ஐந்து அமெரிக்க ஜெனரல்கள் முன் நடந்த இராணுவ ஆணைய விசாரணை அது. ஐவரில் ஒருவரும் வழக்கறிஞர் அல்ல. அதன் சுருக்கம் ஐ.நா. போர்க்குற்ற ஆணையத்தின் வழக்குத் தொகுப்பு நான்காம் தொகுதியில் இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1946 பிப்ரவரி 4 தீர்ப்பு தனியாகக் கிடைக்கும். அதில் நீதிபதிகள் மர்ஃபி, ரட்லெஜ் எழுதிய மாறுபட்ட கருத்துகளை முதலில் படித்துவிட்டுப் பெரும்பான்மைத் தீர்ப்புக்கு வருவது நல்லது.

தமிழில் எழுதுவோருக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. மூன்று தளங்களிலும் தமிழ் இல்லை, ஆகவே மொழிபெயர்ப்பு உங்கள் பொறுப்பு. ஹேக் தீர்ப்பாயத்தின் அளவுகோல் 'ரீசன் டு நோ': எச்சரிக்கும் தகவல் தளபதியின் கைக்கு ஏற்கெனவே வந்திருக்க வேண்டும். ரோம் சட்டம் 28ஆம் பிரிவு இராணுவத் தளபதிக்கு வைப்பது 'ஷுட் ஹேவ் நோன்': அன்றைய சூழ்நிலையில் அவர் அறிந்திருக்க வேண்டும். தமிழ்ச் செய்திகளில் இரண்டும் "தெரிந்திருக்க வேண்டும்" என்றே வருகின்றன. முதலாவதற்கு "அறியக் காரணம் இருந்தது", இரண்டாவதற்கு "அறிந்திருக்க வேண்டியவர்" என்று பிரித்து எழுதலாம். 'எஃபெக்டிவ் கன்ட்ரோல்' என்பதை "முழுக் கட்டுப்பாடு" என்று எழுதுவது பெரும் பிழை. தடுக்கவும் தண்டிக்கவும் நடைமுறையில் இயலும் நிலை என்பதே அதன் பொருள், முழுமை அதில் இல்லை. "செயலளவிலான கட்டுப்பாடு" பொருந்தும். மேற்கோளில் வழக்கு எண், கட்ட எழுத்து, தேதி, பத்தி எண் நான்கையும் தமிழ் வரிக்கு அருகிலேயே வையுங்கள். இணைய முகவரி மாறினாலும் அந்த நான்கும் ஆவணத்திடம் கொண்டுபோய் நிறுத்தும்.